ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகுது, தூக்கிட்டு டைரக்டா குடுத்துடலாமா?

கேள்வி:

அண்ணா வணக்கம். எங்க வீடு அப்பா 1993ல கட்டுனது, தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊரு. போன வருஷம் மாடி எடுத்து வாடகைக்கு விட்டோம், அப்ப கீழயும் மேலயும் புது டிபி பாக்ஸ் (எல்லா லைனும் பிரியற பெட்டி) போட்டு ரெண்டுக்கும் தனித்தனியா, கரெண்டு லீக் ஆனா கட் பண்ற ஆர்சிசிபி வச்சாங்க. மேல பிரச்சினை இல்ல. கீழ வீட்டுல மட்டும் மழை பெஞ்சா ட்ரிப் ஆகுது, மழை இல்லாத நாள்லயும் சாயங்காலம் ஏசி, கீசர் எல்லாம் ஓடுறப்ப சில தடவ ஆகுது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பாத்துட்டு பழைய வீட்டுக்கு இது செட் ஆகாது, ஆர்சிசிபிய விட்டுட்டு டைரக்டா குடுத்துடலாம்னு சொல்றாரு, அப்பாவும் முப்பது வருஷமா இது இல்லாமதான இருந்தோம்னு சரின்னுட்டாரு. இன்னொரு விஷயம், ரெண்டு வருஷம் முன்னாடி கிரைண்டர்ல அம்மாவுக்கு சுர்ருனு ஷாக் அடிச்சுது, அப்ப அவரே சமையல்கட்டு போர்டுல எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா சேத்து விட்டாரு, அதோட ஷாக் நின்னுடுச்சு. ஏசி லைன்ல 16 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடுனா விழற சுவிட்ச்) நிக்கலன்னு 32 போட்டிருக்காரு. எர்த் குழி போர்டிகோ டைல்ஸுக்கு அடியில போயிடுச்சு. டைரக்டா குடுத்தா ஆபத்தா, வீடு முழுக்க வயரிங் மாத்தணுமா, சொல்லுங்க அண்ணா.

பதில்:

தம்பி, டைரக்டா குடுக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன்கிட்ட இப்பவே ஃபோன் பண்ணி அந்த வேலைய நிறுத்தி வைங்க. நீங்க இன்னொரு விஷயம்னு கடைசியில எழுதியிருக்கீங்களே, சமையல்கட்டு போர்டுல எர்த்தையும் நியூட்ரலையும் சேத்தது, என் கணக்குப்படி உங்க ஆர்சிசிபி ட்ரிப் ஆகறதுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம், உங்க வீட்டுல இப்ப இருக்கறதுலயே பெரிய ஆபத்தும் அதுதான்.

ஆர்சிசிபி என்ன பண்ணுதுன்னா ஃபேஸ்ல வீட்டுக்குள்ள போற கரெண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரெண்டும் சமமா இருக்கான்னு மட்டும் பாக்குது, ரெண்டு வயரும் உள்ள ஒரு வளையத்துக்கு நடுவுல போகும், சமமா இருந்தா ஒண்ணும் ஆகாது, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர தொட்டா கட் பண்ணியே ஆகணும், பாதிக்கு மேல வந்தாலே சில பீஸ் கட் பண்ணிடும். வித்தியாசம் வருதுன்னா கரெண்டு வேற எதோ வழியா மண்ணுக்கு போகுதுன்னு அர்த்தம், அது ஈர சுவரா இருக்கலாம், கீசர் எலிமென்ட்டா இருக்கலாம், ஒரு ஆளோட உடம்பா கூட இருக்கலாம்.

இப்ப உங்க வீட்டு கதைக்கு வருவோம். கீழ வீட்டு எர்த் வயர் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து அந்த டைல்ஸுக்கு அடியில இருக்கற குழிக்குதான் போகுது. சமையல்கட்டுல நியூட்ரல அந்த எர்த்தோட சேத்ததுனால நியூட்ரல்ல திரும்ப வேண்டிய கரெண்டுக்கு ரெண்டு வழி கிடைச்சிடுச்சு, ஒண்ணு நியூட்ரல் வயர், இன்னொண்ணு குழி வழியா மண்ணு. நியூட்ரல்னா சுத்தமா ஜீரோன்னு நெனைக்கறோம், அப்படி இருக்காது, ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து உங்க வீடு வர தூரம் இருக்கு, லோடு ஏறும்போது ரெண்டு மூணு வோல்ட் நிக்கும். வெயில் காலத்துல காஞ்சு கெடக்கற குழியோட ரெசிஸ்டன்ஸ் 100 ஓம்னு வச்சுக்கோங்க, 2 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் மண்ணுக்கு போகும், ஆர்சிசிபி நின்னாலும் நிக்கும். மழை பெஞ்சு அதே குழி 20 ஓமுக்கு வந்தா 100 மில்லி ஆம்பியர், உடனே விழுந்துடும். சாயங்காலம் ஏசியும் கீசரும் சேந்து ஓடும்போது நியூட்ரல் வோல்டேஜ் ஏறுது, அப்பவும் விழும். நீங்க எழுதுன மழையும் சாயங்காலமும் ரெண்டுமே இதுக்கு அப்படியே பொருந்துது. நேர்ல பாக்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா நான் வந்தா மொத வேலையா அந்த போர்டத்தான் தெறப்பேன்.

ட்ரிப் ஆகறத விடுங்க, எர்த்தையும் நியூட்ரலையும் சேத்த அந்த லூப்பால என்ன ஆகும்னு சொல்றேன், இத அப்பாகிட்ட படிச்சு காட்டுங்க. காத்து மழையில சர்வீஸ் வயர்ல நியூட்ரல் மட்டும் கட் ஆகுது, இல்ல மீட்டர் போர்டுல நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ் ஆகி கருகிடுது, நம்ம ஊர்ல இது அடிக்கடி நடக்கறதுதான். வீட்டுல கீசர் ஸ்விட்ச் ஆன்ல இருக்கு. ஃபேஸ் கரெண்டு கீசர் எலிமென்ட் வழியா நியூட்ரல் லிங்குக்கு (எல்லா நியூட்ரல் வயரும் சேர்ற பட்டை) வந்துடும், அங்கேருந்து திரும்பி போக வழி இல்ல, அதனால நியூட்ரல் லிங்கே கிட்டத்தட்ட 230 வோல்ட்டுக்கு ஏறி நிக்கும். உங்க சமையல்கட்டு லூப் வழியா அது எர்த்துக்கு வரும், எர்த் வயர் போற எல்லா இடத்துக்கும் போகும், கிரைண்டர் பாடி, ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், கீசர் பைப், எல்லாத்துலயும். குழி நல்லா இல்லாததுனால மண்ணு அத முழுசா இழுத்து இறக்காது. ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கற ஃப்ரிட்ஜ தொட்டாலும் அடிக்கும். ஃபேனும் சுத்தாது, லைட்டும் எரியாது, கரெண்டு போயிடுச்சுன்னு நெனச்சு அம்மா மாவ வழிக்கலாம்னு ஈரக்கையோட, வெறும் கால்ல, கழுவி விட்ட தரையில நின்னு கிரைண்டர்ல கை வைப்பாங்க. ஈர உடம்புக்கு சுமாரா 1000 ஓம்னு கணக்கு போட்டாலும் 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு போகும், அந்த கரெண்டு நெஞ்சு வழியா போனா இதயம் தாளம் தப்பறதுக்கு ஒரு செகண்டு கூட தேவையில்ல. இப்ப அந்த நேரத்துல அம்மாவ காப்பாத்தக்கூடியது ஒரே ஒரு சாமான்தான், அந்த ஆர்சிசிபி. அதத்தான் எடுத்துடலாம்னு பேசிட்டு இருக்கீங்க.

லூப் போட்டதும் ஷாக் நின்னது ஏன்னு கேப்பீங்க. கிரைண்டர் மோட்டார்ல லீக் இருந்துச்சு, மாவும் தண்ணியும் வழிஞ்சு உள்ள எறங்குனா எந்த கிரைண்டருக்கும் வர்றதுதான், எர்த் சரியா இருந்திருந்தா அந்த லீக்க அது இழுத்திருக்கும், எர்த் சரியா இல்லாததுனால பாடியில நின்னுச்சு. நியூட்ரலோட சேத்ததும் லீக் நியூட்ரல் வழியா போயிடுச்சு, கைக்கு தெரியல. ஆக கிரைண்டர் லீக்கும் அப்படியே இருக்கு, எர்த்தும் சாகக் கெடக்கு, ரெண்டையும் மறைச்சு வச்சாச்சு. அந்த அண்ணன நான் குத்தம் சொல்ல வரல, இந்த லூப் வேலைய ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் பாத்து கத்துக்கிட்டு வர்றாங்க, வீட்டுக்காரங்களும் காரணத்த கண்டுபிடிக்க கூலி குடுக்கறதில்ல, ஷாக் நின்னா போதும், ட்ரிப் நின்னா போதும்னு அனுப்பிடறோம்.

எம்சிபி இருக்கே, அது போதாதான்னு அப்பா கேப்பாரு, எல்லாரும் கேக்கறதுதான். போதாது. நம்ம வீடுகள்ல எர்த்துங்கறது நாம தோண்டுன குழிதான், ஈபிக்காரங்க எர்த் வயர் தர்றதில்ல. குழி ரொம்ப நல்ல குழி, 10 ஓம், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு 2 ஓம்னு வைங்க. ஃபேஸ் நேரா கிரைண்டர் பாடியில தொட்டுட்டாலும் 230ஐ 12ஆல வகுத்தா 19 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி டப்புனு விழணும்னா 80ல இருந்து 160 ஆம்பியர் வரைக்கும் வேணும். 19 ஆம்பியர்ல அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாம நிக்கலாம், அது கம்பெனி தப்பு இல்ல, அதோட டிசைனே அப்படி. அவ்வளவு நேரமும் பாடியில 190 வோல்ட் நிக்கும். எம்சிபி வயர காப்பாத்த வச்சது, ஆள காப்பாத்த வச்சது இல்ல. ஆர்சிசிபிக்கு குழி 100 ஓம் இருந்தா கூட போதும், விழுந்துடும். இதனாலதான் மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிகள்லயே வீட்டு கனெக்ஷனுக்கு லீக்கேஜ் பாதுகாப்பு 30 மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டாங்க, 2023ல வந்த புது விதிகளும் அத விடல, நம்ம தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் ஆர்சிடி வைக்கணும்னு சொல்லிடுச்சு. ஆர்சிடின்னாலும் ஆர்சிசிபின்னாலும் கடையில ஒண்ணுதான் குடுப்பாங்க. நீங்க டைரக்டா குடுத்தா விதிப்படியும் தப்பு, அதுக்காக நான் சொல்லல, உயிருக்காக சொல்றேன்.

முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலன்னு அப்பா சொல்றது பொய் இல்ல. ஆனா 1993ல அந்த வீட்டுல என்ன இருந்துச்சு, நாலு டியூப்லைட், ஃபேன், ஒரு மிக்ஸி, டிவி. இன்னைக்கு தண்ணியோட சேந்து ஓடுற சாமானே எத்தன, கீசர், வாஷிங் மெஷின், ஆர்ஓ, மோட்டார். வயருக்கும் அன்னைக்கு இருந்த தெம்பு இன்னைக்கு இல்ல.

இனி வேலைக்கு வருவோம். மொதல்ல கிரைண்டர் பிளக்க புடுங்கி வச்சுடுங்க, மோட்டார் பாக்கறவர்கிட்ட காட்டாம திரும்ப போட வேண்டாம். அடுத்து லைசென்ஸ் இருக்கற ஆள கூப்பிட்டு, மெயின ஆஃப் பண்ணிட்டு, சமையல்கட்டு போர்டுல அந்த லூப்ப எடுக்க சொல்லுங்க. அதோட விடாதீங்க, ஒரு எடத்துல போட்டவரு இன்னும் ரெண்டு எடத்துல போட்டிருக்கலாம், பாத்ரூம் கீசர் பாயிண்ட், வாஷிங் மெஷின் பாயிண்ட்லயும் இருக்கலாம். கண்டுபிடிக்கறது சுலபம், மெயின் ஆஃப்ல இருக்கும்போது டிபி பாக்ஸ்ல நியூட்ரல் லிங்க்ல இருந்து எல்லா நியூட்ரலையும் கழட்டி ஒவ்வொண்ணா எர்த்தோட மீட்டர் வச்சு பாக்கணும், எது எர்த்தோட ஒட்டி ஜீரோ காட்டுதோ அந்த லைன்ல லூப்போ இல்ல நசுங்குன வயரோ இருக்கு. மூணு லைட்டு எரியுற பிளக் டெஸ்டர் ஒண்ணு கடையில விக்குது, அத நம்பி எர்த் ஓகேன்னு முடிவு பண்ணிடாதீங்க, நியூட்ரலயும் எர்த்தயும் சேத்து வச்சிருந்தா அதுக்கு வித்தியாசம் தெரியாது, நல்லா இருக்குன்னே காட்டும்.

இதுல ஒரு இடத்துல நிறைய பேர் ஏமாறுவாங்க. எல்லா எம்சிபியும் எறக்கிட்டேன், அப்பவும் ஆர்சிசிபி நிக்கல, அப்ப ஆர்சிசிபிதான் போச்சுன்னு முடிவு கட்டி புதுசு வாங்குவாங்க. நம்ம டிபில இருக்கற எம்சிபி பெரும்பாலும் சிங்கிள் போல், ஃபேஸ மட்டும்தான் கட் பண்ணும், நியூட்ரல் எல்லாம் லிங்க்ல அப்படியே சேந்தேதான் இருக்கும். நியூட்ரல் எங்கயாவது எர்த்த தொட்டிருந்தா எல்லா எம்சிபியும் எறக்கி வச்சாலும் தொட்டது தொட்டதுதான். அதனாலதான் நியூட்ரல கழட்டித்தான் பாக்கணும்னு சொல்றேன். இன்வெர்ட்டர் இருந்தா அதயும் பாக்க சொல்லுங்க, இன்வெர்ட்டருக்கு ஃபேஸ ஆர்சிசிபிக்கு முன்னாடி எடுத்துட்டு நியூட்ரல பின்னாடி லிங்க்ல குடுத்து வச்சிருப்பாங்க, அதுவும் கணக்கு ஒதைக்கும். கீழ வீட்டு நியூட்ரல் எதுவும் மேல வீட்டு டிபிக்கு போயிருக்கக் கூடாது, மாடிப்படி லைட்டுல இந்த தப்பு ரொம்ப சகஜம், ஃபேஸ் கீழேருந்தும் நியூட்ரல் மேலேருந்தும் எடுத்திருப்பாங்க.

லூப் எடுத்த பிறகும் மழைக்கு விழுந்தா உண்மையான ஈரம் எங்கயோ எறங்குது. மழை அடிக்கற பக்கத்து சுவர்ல இருக்கற ஸ்விட்ச் பாக்ஸ், வெளி லைட், மாடிக்கு போற பைப், மோட்டார் ஸ்டார்ட்டர், இதுல ஒண்ணு. பழைய வீட்டுல பைப்புக்குள்ளயே வயர முறுக்கி டேப் சுத்தி விட்டிருப்பாங்க, டேப் பசை காஞ்சு விட்டிருக்கும், அங்க தண்ணி சொட்டுனா போச்சு.

எர்த் குழிக்கு, டைல்ஸ ஒடைக்க வேண்டாம், பழச மறந்துடுங்க, வேற புதுசா போடுங்க. வீட்டு சுவர்ல இருந்து குறைஞ்சது ஒன்றரை மீட்டர் தள்ளி, தண்ணி விழற எடமா பாத்து, 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு எறக்கி, மேல சின்ன தொட்டி கட்டி மூடி போடுங்க, கோடையில ஒரு குடம் ஊத்த வழி இருக்கணும், கிளாம்ப் துரு புடிச்சிருக்கான்னு பாக்கவும் கை போகணும். மாடிக்கும் அதே குழி போதும், ஆனா மேலயும் கீழயும் எர்த் வயர் அறுபடாம வருதான்னு ஒவ்வொரு சாக்கெட்லயும் பாக்கணும், குழி எவ்வளவு நல்லா இருந்தாலும் சமையல்கட்டு சாக்கெட்டுக்கு வர்ற பச்சை வயர் நடுவுல விட்டுப்போச்சுன்னா பிரயோஜனமே இல்ல. எர்த் டெஸ்டர் வச்சு ரீடிங் எடுக்க சொல்லுங்க, 5 ஓமுக்குள்ள வந்தா சந்தோஷம், தஞ்சாவூர் பக்கம் களிமண் பூமின்னா வர வாய்ப்பு இருக்கு.

ஏசி லைன் 32 எம்சிபி, அத இன்னைக்கே 16க்கு எறக்கணும். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும், அதுக்கு 16 விழக்காரணம் இல்ல. அதே லைன்ல பெட்ரூம் பாத்ரூம் கீசரையும் சேத்திருப்பாங்கன்னு நெனைக்கறேன், 2000 வாட் கீசர் தனியா எட்டே முக்கால் ஆம்பியர், ரெண்டும் சேந்து கூட இன்னும் ஏதாவது ஓடுனா 16ஐ நல்லா தாண்டிடும், அதுல விழுந்திருக்கலாம். பழைய வயர் 3/20ஆ இருக்கும், அதாவது சுமார் 2 சதுர மில்லிமீட்டர், சுவருக்குள்ள பைப்புல போறதுக்கு 16 ஆம்பியர்தான் அதுக்கு மரியாதை. 32 எம்சிபி அந்த வயர்ல 30 ஆம்பியர் போனாலும் சும்மா பாத்துட்டு இருக்கும். கரெண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, சாதா பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அது சுவருக்குள்ள உருகுறது உங்க கண்ணுக்கு தெரியாது. ஏசிக்கு தனியா, கீசருக்கு தனியா டிபில இருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து 20 ஆம்பியர் எம்சிபி போடுங்க, எர்த்தும் கூடவே வரணும். கீசர் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளிய இருக்கட்டும். லோடு ஏறியிருக்கறதுனால ஈபிலயும் எழுதிக் குடுத்து லோட கூட்டிக்கோங்க.

முழு வீடும் மாத்தணுமான்னு கேட்டீங்க. காசு இருந்தா மாத்துறது நல்லது, இல்லன்னா பயப்படாதீங்க, மெகர் டெஸ்ட் (வயர் இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) முடிவு பண்ணட்டும். டிவி, இன்வெர்ட்டர், பல்பு எல்லாம் கழட்டிட்டு 500 வோல்ட் மெகர் வச்சு ஒவ்வொரு சர்க்யூட்டா ஃபேஸ், நியூட்ரல், எர்த் நடுவுல பாப்பாங்க, 1 மெகா ஓமுக்கு கீழ எது வருதோ அத கண்டிப்பா உருவி புதுசு இழுக்கணும். அதுல தேறுனாலும் சமையல்கட்டு, பாத்ரூம், ஏசி லைன் மூணையும் மொதல்ல புதுசாக்கிடுங்க, ஹால், பெட்ரூம் லைட் ஃபேன் லைன அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வயர் வாங்கும்போது ஐஎஸ் 694 முத்திரை பாத்து எஃப்ஆர்எல்எஸ் (சீக்கிரம் தீ பரவாத, புகை கம்மியா விடற வயர்) வாங்குங்க. கலர மாத்தி இழுக்க விடாதீங்க, மிச்சம் இருந்த பச்சைய ஃபேஸுக்கு இழுத்துட்டு போயிடுவாங்க, பத்து வருஷம் கழிச்சு வர்ற இன்னொரு வேலைக்காரர் அத எர்த்துன்னு நம்பி கை வைப்பாரு.

மேல குடியிருக்கறவங்க வீட்டு ஆர்சிசிபிலயும் டி ன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவ அமுக்க சொல்லுங்க, உங்க வீட்டுலயும் அமுக்குங்க, உடனே விழணும், விழலன்னா அந்த பீஸ அன்னைக்கே மாத்தணும். பட்டன் விழுந்துச்சுன்னா எர்த் நல்லா இருக்குன்னு எடுத்துக்காதீங்க, அந்த பட்டனுக்கு எர்த்தே தேவையில்ல, உள்ளுக்குள்ளயே கணக்க மாத்தி பாக்கும், அவ்வளவுதான். அதே மாதிரி ஆர்சிசிபி இருக்குன்னு ஃபேஸயும் நியூட்ரலயும் ரெண்டு கையில தொட்டா அது காப்பாத்தாது, போற கரெண்டும் வர்ற கரெண்டும் அதுக்கு சமமாதான் தெரியும், சின்ன பசங்க இருக்கற வீடுன்னா ஷட்டர் வச்ச சாக்கெட் போடுங்க.

வேலை செய்றவரு மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட லைசென்ஸ் உள்ளவரான்னு கேட்டுக்கோங்க, முடிஞ்சதும் மெகர் ரீடிங், எர்த் ரீடிங், ஆர்சிசிபி எத்தன மில்லி ஆம்பியர்ல எத்தன மில்லி செகண்டுல விழுதுங்கற ரீடிங், மூணையும் எழுதி கையெழுத்து போட்டு வாங்குங்க. அத ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க தம்பி, லூப் எடுத்த பிறகும் சாயங்காலம் விழுந்தா எந்தெந்த சாமான் ஓடும்போது விழுந்துச்சுன்னு நேரத்தோட குறிச்சு சேத்து அனுப்புங்க, அடுத்து எங்க பாக்கணும்னு சொல்றேன்.